128 பைட்டில் ஒரு விண்வெளிச் சண்டை: பழைய டிவி கேமுக்கு இன்னும் புதுசா கேசட் எழுதுவது ஏன்?

திருப்பூணித்துறை மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷத்தில் அத்தை வீடு. போன ஓணம் லீவில் பரணைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பித்தளை உருளிக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவில் மஞ்சளேறிப் போன ஒரு வெள்ளைப் பெட்டி கிடந்தது. கூடவே இரண்டு கன்ட்ரோலர், "9999 இன் 1" என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு கேசட். (உள்ளே இருபது சொச்சம் கேம்தான். மீதியெல்லாம் அதே கேம் வேறு பெயரில்.)

"இதைத் தூக்கிப் போட்டுடலாமாடா?" என்றார் அத்தை. "ஐயோ, வேண்டாம் அத்தை" என்று வாய் தானாகச் சொன்னது.

காண்ட்ரா, கேலக்ஸியன், 1942. தொண்ணூறுகளில் வளர்ந்த பலருக்கு இந்தப் பெயர்களே போதும். ஆச்சரியம் என்னவென்றால், இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு இன்றும் புதிய கேம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுபது, எண்பதுகளின் ஆர்கேட் சுடும் விளையாட்டுகளை, அதே காலத்துக் கன்சோல்களில் ஓடும்படி முதலிலிருந்து எழுதுகிறார்கள். இதற்குப் பெயர் 'ஹோம்ப்ரூ போர்ட்'. இது என்ன, எப்படிச் செய்கிறார்கள், நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹோம்ப்ரூ போர்ட் என்றால் என்ன?

மூன்று விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது, எமுலேட்டர். உங்கள் லேப்டாப்பைப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள். ஆர்கேட் மெஷின்களுக்கான மேம் எமுலேட்டர் 1997-லிருந்து இருக்கிறது. இரண்டாவது, ரோம். பழைய கேமின் அச்சு அசல் நகல்.

மூன்றாவதுதான் போர்ட். ஒரு மெஷினுக்காக எழுதிய கேமை இன்னொரு மெஷினுக்காக மறுபடி எழுதுவது. பெரும்பாலும் மூல கோடு கையில் இருக்காது. ஆடிப் பார்த்து, நிறுத்திப் பார்த்து, எதிரி எந்த நொடியில் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று குறித்துக்கொண்டு, வேறொரு மெஷினின் மொழியில் எழுதவேண்டும். உரிமை வைத்திருக்கும் கம்பெனி செய்தால் அது அதிகாரபூர்வ போர்ட். ஆர்வலர் ஒருவர் ஆபீஸ் முடிந்து வந்து இரவில் செய்தால் ஹோம்ப்ரூ.

நம்ம வீட்டுக்கு இந்தப் பெட்டி எப்படி வந்தது?

நிண்டெண்டோவின் என்இஎஸ் கன்சோல் இந்தியாவில் 'சாமுராய்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது பெரும்பாலும் அதன் ஜப்பானிய வடிவமான ஃபேமிகாமின் நகல் பெட்டிகள். காரணம் விலை. 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் சேகா மெகா டிரைவை இங்கே கொண்டுவந்தபோது விலை 18,000 ரூபாய். அன்றைய சம்பளத்தில் அது பலருக்கும் எட்டாத தொகை.

அதாவது, நம் தலைமுறையின் கேம் நினைவுகளில் பெரும்பங்கு அனுமதியில்லாத நகல்களால் ஆனது. அதில் ஆடிய கேம்களை யார் எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஹோம்ப்ரூ எழுதுகிறவர் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார், எந்த கேமைப் பார்த்து எழுதினார் என்றும் சொல்கிறார். நாம் வாங்கிய கேசட்டுக்கும் இதற்கும் இருக்கும் முதல் வித்தியாசம் அதுதான்.

128 பைட் என்றால் எவ்வளவு?

இந்த உலகத்தில் அதிகம் பேசப்படும் மெஷின் 1977-ல் வந்த அடாரி 2600. அதன் நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, வெறும் பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். 'வணக்கம்' என்ற சொல்லுக்கு, புள்ளிகளையும் சேர்த்து, 21 பைட். இடைவெளி விடாமல் ஆறு முறை வணக்கம் சொன்னால் 126 பைட் காலி. மீதி இருக்கும் 2 பைட்டில் ஏழாவது வணக்கத்தின் முதல் எழுத்துகூட நுழையாது. இதற்குள்தான் ஸ்கோர், உயிர்கள், எதிரிகள் இருக்கும் இடம், பாயும் குண்டு எல்லாம் அடங்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய கணினி முழுத் திரைப் படத்தையும் நினைவகத்தில் வரைந்துவிட்டுத்தான் காட்டும். அடாரி 2600-க்கு அதற்கு இடம் இல்லை. டிவியின் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு போகும்போதே, அடுத்து என்ன வரையவேண்டும் என்று புரோகிராம் சொல்லிக்கொண்டே ஓடவேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 76 கடிகாரத் துடிப்பு. மிகச் சின்னக் கட்டளைக்கே 2 துடிப்பு ஆகும் என்பதால், ஒரு கோட்டில் அதிகபட்சம் 38 கட்டளைகள். கணக்குத் தப்பினால் படம் கிழியும்.

வன்பொருளில் நகரும் உருவங்களும் ரொம்பக் குறைவு. இரண்டு 'பிளேயர்', இரண்டு குண்டு, ஒரு பந்து. அவ்வளவுதான். அப்படியென்றால் வேற்றுக்கிரகப் படை எப்படி வரும்?

ரிக் மாரர் 1980-ல் அடாரி 2600-க்கு எழுதிய அதிகாரபூர்வ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல பதில். ஆர்கேடில் ஒரு வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, மொத்தம் 55. அடாரியில் வரிசைக்கு 6 பேர், 6 வரிசை, மொத்தம் 36. ஏன் 6? அந்தச் சிப் ஒரு உருவத்தை ஒரே கோட்டில் மூன்று பிரதிகளாகக் காட்டும். இரண்டு உருவம் தலா மூன்று பிரதி என்றால் ஆறு. சிப்பால் முடிந்ததைப் பார்த்து அதற்கேற்ற படையை அமைத்தார் மாரர். ஆர்கேடை அப்படியே கொண்டுவராத அந்தப் போர்ட்தான் அடாரியின் விற்பனையைத் தூக்கி நிறுத்தியது.

கேம் ஏன் கடைசியில் வேகமானது?

போர்ட் செய்வது வெறும் கோடிங் வேலை இல்லை என்பதற்கு இதே கேமிலிருந்து இன்னொரு உதாரணம். டைட்டோ நிறுவனத்துக்காக டொமொஹிரோ நிஷிகாடோ 1978-ல் உருவாக்கிய ஆர்கேட் ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் வேகம் கூடும். கடைசி ஒருவன் பறப்பான். ஆடியவர்களுக்கு அந்தப் பதற்றம் நினைவிருக்கும்.

இது திட்டமிட்டுத் தொடங்கியது அல்ல. அந்த மெஷின் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே ஒரு எதிரியைத்தான் நகர்த்தும். நொடிக்கு 60 ஃபிரேம். 55 பேரும் ஒரு அடி எடுத்துவைக்க கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். ஒருவன் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் அவன் முறைதான். மெஷினின் மந்தம் குறையக் குறைய கேம் வேகமெடுத்தது. நிஷிகாடோ அது நன்றாக இருக்கிறது என்று கண்டு, அப்படியே விட்டுவிட்டார்.

இதையே இன்று உங்கள் லேப்டாப்பில் எழுதினால்? 55 பேரையும் ஒரே ஃபிரேமில் நகர்த்திவிடலாம். வேகம் கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும், கேம் சப்பென்று ஆகிவிடும். அந்த மந்தத்தை நீங்களே வேண்டுமென்று எழுதிச் சேர்க்கவேண்டும். பழைய கேமில் எது தற்செயல், எது உயிர் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரால்தான் நல்ல போர்ட் எழுத முடியும்.

நாம் ஆடியது உண்மையான வேகமா?

பரண் பெட்டிக்கு வருவோம். ஃபேமிகாமின் திரையில் ஒரே நேரத்தில் 64 சின்ன உருவங்கள் காட்டலாம். ஆனால் ஒரு கோட்டில் 8-க்கு மேல் வராது. ஒன்பதாவது உருவம் காணாமல் போகும். அதனால் எழுதுகிறவர்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் வரிசையை மாற்றி, ஒவ்வொரு முறையும் வேறொன்று மறையும்படி செய்வார்கள். குண்டு மழை பொழியும்போது திரை மினுக்கியது டிவி கோளாறால் அல்ல, இந்தச் சமாளிப்பால்தான்.

வேகத்திலும் ஒரு கதை உண்டு. ஜப்பானில் டிவி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். இந்தியா பின்பற்றியது 'பால்' என்ற முறை (டீயில் ஊற்றும் பால் இல்லை). அதில் நொடிக்கு 50 முறை. ஜப்பானிய கேம்கள் நேரத்தை ஃபிரேமால் அளந்தன. அதே கேமை பால் முறையில் ஓடும் பெட்டியில் போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். சிறுவயதில் நாம் காண்ட்ராவில் கில்லாடியாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்று போர்ட் எழுதுகிறவர் இரண்டு வேகங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, எங்கே ஆடினாலும் ஒரே மாதிரி இருக்கும்படி செய்ய முடியும்.

கேசட்டுக்குள் புதுச் சிப் வைத்தால் அது ஏமாற்று வேலையா?

ஜான் சாம்போ என்ற அமெரிக்க புரோகிராமர் இதில் முக்கியமான பெயர். தொண்ணூறுகளிலேயே டாஸ் கணினிகளுக்கு ஆர்கேட் கேம்களை மறு உருவாக்கம் செய்தவர். பிறகு சாம்ப் கேம்ஸ் என்ற பெயரில் அடாரி 2600-க்கு வந்தார். நாம்கோவின் 1981 'கேலகா'வைத் தழுவிய அவருடைய அடாரி கேமின் பெயர் 'கேலகான்'. ஆர்கேட் கேலகாவுக்குள் மூன்று புராசசர்கள் ஓடின. அடாரியில் இருப்பது ஒன்று, அதுவும் 1.19 மெகாஹெர்ட்ஸ்.

எப்படி முடிந்தது? இப்போது வரும் பல அடாரி ஹோம்ப்ரூ கேசட்டுகளுக்குள் ஏஆர்எம் சிப் ஒன்று இருக்கிறது. ஹார்மனி என்ற கேசட்டில் இருப்பது 70 மெகாஹெர்ட்ஸ். கன்சோலைவிடப் பல மடங்கு வேகம். "அப்போ இது அடாரி கேமே இல்லையே" என்று ஒரு தரப்பு சண்டைக்கு வரும். மறு தரப்பின் பதில்: 1984-லேயே டேவிட் கிரேன் 'பிட்ஃபால் 2' கேசட்டுக்குள் தனிச் சிப் வைத்தார், அதை யாரும் கள்ள ஆட்டம் என்று சொல்லவில்லை. தவிர, சிப் கணக்கை மட்டும்தான் வேகமாகப் போடும். படம் அந்தப் பழைய இரண்டு பிளேயர், இரண்டு குண்டு, ஒரு பந்து வழியாகத்தான் வெளியே வந்தாகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேலகா ஏன் கேலகான் ஆனது? பெயர் ஒரு வர்த்தக முத்திரை. அது ஒரு பூட்டு. படங்கள், இசை, கோடு எல்லாம் காப்புரிமை. அது இன்னொரு பூட்டு.

இந்தியாவில் கணினி நிரலும் 1957 காப்புரிமைச் சட்டத்தில் 'இலக்கியப் படைப்பு' கணக்கில்தான் வருகிறது. முறையாக வாங்கிய உங்கள் சொந்தப் பிரதியிலிருந்து, வியாபார நோக்கமில்லாத சொந்த உபயோகத்துக்கு நகலோ தழுவலோ எடுத்துக்கொள்ள பிரிவு 52 இடம் தருகிறது. ஒரு நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து ஆராய்வதற்கும் இடம் உண்டு. ஆனால் உரிமை மீறிய நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவது பிரிவு 63பி-யின் கீழ் குற்றம்.

கருத்துக்குக் காப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது. 'மேலிருந்து வரும் படையைக் கீழிருந்து சுடுவது' ஒரு கருத்து. நாம்கோ வரைந்த அந்தக் குறிப்பிட்ட பூச்சி உருவம் ஒரு வெளிப்பாடு. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பதில்தான் வழக்கே வரும்.

ரிஸ்க் கற்பனை இல்லை. 2019-ல் ஒருவர் ஏழு வருஷம் உழைத்து கமோடோர் 64-க்கு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' போர்ட் வெளியிட்டார். சில நாட்களிலேயே நிண்டெண்டோவின் நோட்டீஸ்கள் வந்தன, பதிவிறக்கப் பக்கங்கள் மூடின. அடாரியின் அணுகுமுறை வேறு. ஹோம்ப்ரூ கேசட் விற்றுவந்த அடாரிஏஜை 2023-ல் அந்த நிறுவனமே வாங்கியது. அதே வருஷம் பழைய கேசட் போட்டு ஆடக்கூடிய புது 2600+ பெட்டியும் விட்டது. ஆக, எந்தக் கம்பெனியின் கேமைத் தொடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் ஏழு வருஷத்தின் விதி மாறும். விற்கும் எண்ணம் இருந்தால் முதல் வரி எழுதும் முன்பே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள். பாதுகாப்பான வழி, விதிகளை எடுத்துக்கொண்டு படம், இசை, பெயர் மூன்றையும் சொந்தமாகச் செய்வது.

தொடங்கணும்னா என்ன செய்யலாம்?

பைசா செலவில்லை. 8பிட்வொர்க்‌ஷாப் என்ற தளத்தில் பிரவுசரிலேயே அடாரிக்கும் என்இஎஸ்-க்கும் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். அசெம்பிளி பயமாக இருந்தால் அடாரிக்கு பட்டாரி பேசிக், என்இஎஸ்-க்கு சி மொழியில் எழுத சிசி65. சோதித்துப் பார்க்க ஸ்டெல்லா, மெசன் எமுலேட்டர்கள்.

உங்கள் பரணிலும் பெட்டி இருந்தால் மூன்று விஷயம் கவனியுங்கள். அடாப்டரின் வோல்டேஜையும் பிளஸ்-மைனஸ் திசையையும் பார்க்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள். நம் ஊர் நகல் பெட்டிகளின் கேசட்டில் பெரும்பாலும் 60 பின், என்இஎஸ் கேசட்டில் 72 பின், ஒன்றில் மற்றொன்று நேரடியாகப் பொருந்தாது. புது டிவியில் மஞ்சள் ஏவி ஓட்டை இல்லையென்றால் எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வேண்டும், அதில் சின்னத் தாமதம் வரும். சுடும் கேமில் அந்தத் தாமதம் ஒரு உயிர்.

அத்தை வீட்டுப் பெட்டி இன்னும் ஓடவில்லை. அடாப்டர் போய்விட்டது. லேப்டாப்பில் ஒரு வாரம் உட்கார்ந்து நான் எழுதியது இவ்வளவுதான்: ஒரு கப்பல், மூன்று எதிரிகள், ஒரு குண்டு. மூன்றாவது எதிரி சில சமயம் பாதி மட்டும் தெரிகிறான். ஒரு கோட்டில் எங்கோ இரண்டு துடிப்பு அதிகமாகச் செலவழிக்கிறேன், எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.