முன்னாடி என்ன லோடு அடிச்ச வண்டி?

"மச்சான், வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகல. பழசா ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கேன். மூணரை லட்சம் வரைக்கும் புரட்டிருவேன். ஞாயித்துக்கிழமை வந்துருங்க."

தங்கை வீட்டுக்காரர் போன தை மாதம் இப்படிப் போன் செய்தார். தோட்டத்திலிருந்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட் 18 கிலோமீட்டர். தினமும் 40 பெட்டி தக்காளி போகும். 14 கிலோ பெட்டி என்றால் 560 கிலோ. இந்தக் கணக்குக்கு வண்டி தேடிக் கஷ்டப்படவே வேண்டாம். 2005-ல் டாடா ஏஸ் வந்ததே இப்படிப்பட்ட லோடுக்காகத்தான். மூன்று சக்கர ஆட்டோவுக்கு அதிகம், பெரிய வண்டிக்குக் குறைவு என்று நடுவில் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்கு 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினும் முக்கால் டன் தாங்கும் உடம்புமாக வந்து நின்றது. நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்றே பேர் வைத்துவிட்டார்கள். எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், ஸ்பேர் கிடைக்கும், வேண்டாம் என்றால் விற்கவும் முடியும்.

குட்டி யானைதான் என்று நானும் மாப்பிள்ளையும் முடிவு செய்து கிளம்பும்போது, தங்கை காபி டம்ளரை வைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, புள்ளைகளையும் அத்தையையும் எங்க உக்கார வைப்பீங்க? பின்னாடியா?"

மாப்பிள்ளை பேசவில்லை. கோயிலுக்கு, காதுகுத்துக்கு, எழவுக்கு என்று லோடு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு போவது நம் பக்கத்தில் வழக்கம். எனக்கு அது பார்க்கும்போதே வயிற்றைப் பிசையும். வளைவில் கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு வீட்டைத் தின்பது நஷ்டஈட்டு வழக்கு. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. சரக்குக்குச் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூட வந்தால் அது வேறு கணக்கு. மாமியாரும் குழந்தைகளும் தக்காளிக்குச் சொந்தக்காரர்கள் ஆக மாட்டார்கள். தீர்ப்புத் தொகை வண்டிக்காரர் தலையில்தான் வந்து விழும், தோட்டம் போய்விடும்.

ஆக, முதலில் எண்ண வேண்டியது ஆட்களை. ஐந்து பேர். ஐந்து பேரும் கேபினுக்குள் உட்கார்ந்து, பின்னால் 560 கிலோவும் ஏற வேண்டும் என்றால், அந்தப் பணத்துக்குள் எனக்குத் தெரிந்தது பொலேரோ கேம்பர்தான். இரண்டு வரிசை சீட்டு, பின்னால் திறந்த தொட்டி, ஏறக்குறைய ஒரு டன் தாங்கும். 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் இழுக்கிற நல்ல வண்டிதான். அதிலும் ஒரு வரிசை சீட்டுதான். கேம்பர் டீசல் குடிக்கும் என்று மாப்பிள்ளை இழுத்தார். கணக்குப் போட்டோம். போக வர 36 கிலோமீட்டர். ஏஸ் லிட்டருக்கு 18 கொடுத்து, கேம்பர் 12 கொடுத்தால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் கூட. குடும்பத்தோடு வெளியே போக மாதத்தில் இரண்டு முறை கார் வாடகை பிடிப்பதை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

திண்டுக்கல் பக்கம் கன்சல்டிங் கடைகளில் அன்றைக்கு மூன்று கேம்பர் பார்த்தோம். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று மாப்பிள்ளை ஒவ்வொன்றிலும் குனிந்து குனிந்து பார்த்தார். மீட்டரை நான் நம்புவதில்லை. அதைத் திருப்பி வைப்பது பெரிய வேலை இல்லை. என் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இது முன்னாடி என்ன லோடு அடிச்ச வண்டி?

லோடு எதுவோ, அதன் தடம் வண்டியில் இருக்கும். மீன் அடித்த வண்டி என்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியின் மூலை வழியாகச் சேஸில் இறங்கி உள்ளேயே அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும், ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். வாட்டர் கேன் வண்டியில் துருவும் இருக்கும், தெருத் தெருவாக நின்று நின்று போனதால் கிளட்சும் தேய்ந்திருக்கும். செங்கல், எம்-சாண்ட் ஏற்றியது என்றால் ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். ஒரு டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றியவர் பட்டையில் கூடுதலாக ஒன்றிரண்டு சேர்த்திருப்பார், பட்டை மாட்டியிருக்கிற இடத்தில் சேஸ் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருப்பார். பேக்கரிக்கு ரொட்டி, கடைகளுக்கு பிஸ்கட் போட்ட வண்டி கிடைத்தால் லட்சம் கிலோமீட்டர் கூட ஓடியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

முதல் வண்டி புது பெயின்டில் மின்னியது. அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸின் குறுக்குக் கட்டையில் புது வெல்டிங், அதன் மேல் கறுப்பு பெயின்ட். எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டாவது நல்ல வண்டி, விலையும் குறைவு. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. "ரெண்டு நாள்ல கிளியர் பண்ணிக் குடுத்துருவோம், அட்வான்ஸ் போடுங்க" என்றார்கள். பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் எஃப்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் கரண்டா, கடன் இருக்கிறதா, அபராதம் பாக்கியா எல்லாம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் கையில் வராமல் கடன் வண்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது பார்ட்டி வண்டி. 2013 மாடல். ஹார்டுவேர் கடைக்காரர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தார். அவர் அடித்ததும் இரும்பு லோடுதான். ஆனால் பட்டை கம்பெனிப் பட்டை, சேஸில் வெல்டிங் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நாங்கள் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, மறுநாள் ஆறரைக்குப் போய் நின்றோம். இன்ஜின் ஜில்லென்று இருந்தது. அரைச் சுற்றில் பிடித்தது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் பேக் கம்ப்ரஷன் பெரிதாக இல்லை. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், வரவில்லை. முன் டயர்களின் உள்பக்கம் மட்டும் பட்டன் தேய்ந்திருந்தது. அதற்கு வேலை இருக்கிறது, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பதை வெறும் வண்டியில் செய்யாதீர்கள். நாங்கள் சிமென்ட் மூட்டை 12 ஏற்றி, விருப்பாட்சி தாண்டிப் பாச்சலூர் மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினோம். இரண்டாவது கியர் துள்ளவில்லை. இறங்கும்போது பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை.

கார் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு ஒரு பயம் இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017-ல் வந்த தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்குப் பர்மிட்டும் வேண்டாம். இந்த எடை ஆர்.சி.யிலேயே இருக்கும். எட்டு வயது தாண்டிய வண்டி என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டியாக வேண்டும், அந்தச் செலவைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன்.

மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் பேசி முடித்தோம். அட்வான்ஸ் பத்தாயிரம் மட்டும். படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்த பிறகுதான் மீதி. "பேர் மாத்துறதைப் பொறவு பாத்துக்கலாம்" என்று இரண்டு பக்கத்து ஆட்களும் சொன்னார்கள். நான் விடவில்லை. பேர் மாறாத வண்டி மோதினால் பொறுப்பு ஆர்.சி.யில் பேர் இருக்கிறவருக்குத்தான் என்பது 2018 தீர்ப்பு. அதை எடுத்துச் சொன்னதும் விற்கிறவரே அவசரப்பட ஆரம்பித்துவிட்டார்.

இன்சூரன்ஸ் ஆபீஸுக்குத் தங்கையும் வந்தாள். பேர் மாற்றத்தை 14 நாளுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் ஐந்து சீட்டு என்று இருந்த இடத்தைக் காட்டி, "இந்த அஞ்சு பேரும் பாலிசில இருக்காங்களா, அதை எழுத்துல குடுங்க" என்று அவளே கேட்டாள். ஓட்டுநர் தவிர மற்றவர்களுக்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டிவிட்டு, ரசீதை மடித்து அவள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.