கோழி எரு போட்ட வாளி ஏன் கருகியது? தொட்டிச் சோதனையும் அறிக்கையும்

கேள்வி: சேந்தமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் வைக்கிறோம். கோழிப்பண்ணையிலிருந்து ஒரு லாரி எரு தருவதாகச் சொல்கிறார்கள். வாங்குமுன் பார்ப்போம் என்று இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் எங்கள் காட்டு மண்ணைப் போட்டு, ஒன்றில் மட்டும் இரண்டு கை எருவைக் கலந்து விதை ஊன்றினேன். எரு போட்ட வாளியில் பயிர் பன்னிரண்டாம் நாள் கருகிவிட்டது. "ரெண்டு வாளியை நம்பி லாரியைத் திருப்பி அனுப்பறதா?" என்கிறார் வீட்டுக்காரர். பிளஸ் ஒன் படிக்கும் மகள், இதையே பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அறிக்கையாக எழுதப் போகிறேன் என்கிறாள். எப்படி எழுதுவது? எருவை வாங்கலாமா, வேண்டாமா?
- வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: முதலில் உங்களுக்குப் பாராட்டு. ஒரு லாரி எருவுக்குப் பணம் கொடுக்கும் முன் இரண்டு வாளியில் சோதித்துப் பார்க்கும் எண்ணம் எத்தனை பேருக்கு வரும்? எரு போடாத வாளி ஒன்றையும் பக்கத்தில் வைத்தீர்களே, அதுதான் சோதனையின் உயிர்நாடி. கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயலிலும், எந்த உரமும் இடாத பாத்தி ஒன்று இன்றுவரை இருக்கிறது. அந்தப் பாத்தி இல்லாமல் மற்றப் பாத்திகளின் விளைச்சலை எதோடு ஒப்பிடுவது?

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அறிக்கையை ஒழுங்காக எழுத உட்கார்ந்தாலே இரண்டு பேருக்கும் விடை கிடைத்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

"இரண்டு கை" என்பது எவ்வளவு?

அறிக்கையில் "இரண்டு கை எரு" என்று எழுத முடியாது. எடை போட்டு எழுத வேண்டும். ஒரு கைப்பிடி 100 கிராம் என்றும், வாளியில் 10 கிலோ மண் என்றும் வைத்துக்கொள்வோம். 10 கிலோ மண்ணுக்கு 200 கிராம் எரு.

ஒரு ஏக்கரில் மேல்மண் அரை அடி ஆழத்துக்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு, ஏறத்தாழ 9 லட்சம் கிலோ இருக்கும். உங்கள் வாளியில் இருப்பது அதில் 90,000-ல் ஒரு பங்கு. எனவே வாளியில் போட்ட எருவை 90,000-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். 200 கிராமை 90,000-ஆல் பெருக்கினால் 18,000 கிலோ. அதாவது ஏக்கருக்கு 18 டன்!

ஏக்கருக்கு 2 டன் போடுவதாக இருந்தால் 10 கிலோ மண்ணுக்கு 22 கிராம்தான் வரும். நீங்கள் அதைப்போல் ஒன்பது மடங்கு போட்டிருக்கிறீர்கள். தொழு எருவில் தழைச்சத்து அரை சதவீதம்தான். உலர்ந்த கோழி எருவில் சுமார் 3 சதவீதம். மாட்டு எரு அள்ளிப் பழகிய கை கோழி எருவையும் அப்படியே அள்ளினால் இப்படித்தான் ஆகும்.

அதோடு எரு புதிதா, மக்கியதா என்று நீங்கள் எழுதவில்லை. செட்டிலிருந்து நேராக வந்த எருவில் உள்ள யூரிக் அமிலம் மண்ணில் சிதைந்து அம்மோனியாவாக மாறும். கிட்டே போனால் மூக்கையும் கண்ணையும் எரிக்கிறதே, அந்த வாடைதான் அம்மோனியா. உப்பும் அதில் கூடுதல். இளம் வேர் இரண்டையும் தாங்காது. வாளியின் அடியில் ஓட்டை போட்டீர்களா என்பதும் தெரியவில்லை. ஓட்டை இல்லையென்றால் நீர் தேங்கி வேர் அழுகியும் இருக்கலாம்.

ஆக, "கோழி எரு பயிரைக் கருக்கும்" என்று உங்கள் மகள் எழுதினால் அது தப்பான அறிக்கை. "அளக்காத எரு, வயது தெரியாத எரு, ஒரே ஒரு வாளி" என்றுதான் இப்போதைக்கு எழுத முடியும். சோதனையை இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். முப்பது நாளில் முடிந்துவிடும்.

மறுபடி செய்யும் முறை

கேள்வியைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். "கோழி எரு நல்லதா?" என்பதற்கு யாராலும் விடை சொல்ல முடியாது. "ஏக்கருக்கு 2 டன் கணக்கில் புது எரு இட்டால், மக்கிய எரு இட்டால், ஒன்றும் இடாவிட்டால், மக்காச்சோளம் 30 நாளில் எவ்வளவு உயரம் வளர்கிறது?" என்று கேட்டால் விடை கிடைக்கும்.

இந்த மூன்று வகைக்கும் நான்கு நான்கு தொட்டி, மொத்தம் 12. வாளி, பழைய பெயிண்ட் டப்பா எதுவானாலும் சரி. எல்லாம் ஒரே அளவாக, அடியில் ஓட்டையோடு இருக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஓட்டுத் துண்டு வையுங்கள்.

ஒரே காட்டில் அரை அடி ஆழம் வரை மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்த பிறகு தொட்டிக்கு 10 கிலோ நிறுத்துப் போடுங்கள். எருவைத் தூளாக்கி 22 கிராம் எடை போட்டு, தொட்டி மண் முழுவதையும் சாக்கில் கொட்டிக் கலந்து திரும்ப நிரப்புங்கள். மளிகைக் கடைத் தராசு போதும்.

தொட்டிக்கு 5 விதை ஊன்றி, பத்தாம் நாள் நல்ல செடி இரண்டை விட்டு மற்றதைக் களையுங்கள். எந்தத் தொட்டி எந்த இடத்தில் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யுங்கள். நமக்குப் பிடித்த தொட்டியை நம் கையே நல்ல வெயில் உள்ள இடத்தில் வைத்துவிடும். வாரம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். தண்ணீரை ஒரே சொம்பால் அளந்து ஊற்றுங்கள்.

ஒரு நோட்டைத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். முளைத்த நாள், எத்தனை முளைத்தது, மழை பெய்த நாள், ஆடு கடித்த நாள் எல்லாம் அன்றன்றே அதில் ஏற வேண்டும். ராத்திரி ஞாபகம் வைத்து எழுதலாம் என்றால் எழுத மாட்டோம்.

ஏன் நான்கு தொட்டி?

விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு ஒன்றைப் பாருங்கள். முப்பதாம் நாள் செடி உயரம் சென்டிமீட்டரில்:

ஒன்றும் இடாதது: 41, 38, 44, 40. சராசரி 41.
புது எரு: 47, 24, 29, ஒன்று பட்டுப்போனது. பிழைத்த மூன்றின் சராசரி 33.
மக்கிய எரு: 58, 52, 61, 55. சராசரி 56 அல்லது 57.

புது எரு இட்ட 47 சென்டிமீட்டர் தொட்டி ஒன்றை மட்டும் வைத்திருந்தால், "புது எரு பரவாயில்லை, சும்மா விட்டதைவிட நன்றாக வருகிறது" என்று லாரியை இறக்கியிருப்போம். பட்டுப்போன தொட்டி மட்டும் இருந்திருந்தால் "கோழி எருவே ஆகாது" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்போம். நான்கையும் பார்த்தால்தான், புது எருவில் ஒன்று தப்புகிறது, இரண்டு குன்றுகிறது, ஒன்று சாகிறது என்ற உண்மை தெரிகிறது. விவசாயிக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

சராசரியை மட்டும் எழுதாமல் நான்கு எண்களையும் அட்டவணையில் எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

நான் மறைத்த தொட்டி

முப்பது வருடத்துக்கு முன்பு, பட்டப்படிப்பு படிக்கையில் நானும் ஒரு தொட்டிச் சோதனை செய்தேன். வகைக்கு நான்கு தொட்டி. எரு இட்ட தொட்டிகளில் ஒன்றில் நாற்று முழுவதும் செத்துவிட்டது. நான் ஏதோ தண்ணீர் ஊற்ற மறந்திருப்பேன் என்று நினைத்து, அந்தத் தொட்டியை அட்டவணையில் சேர்க்காமல் மூன்றுக்குச் சராசரி போட்டேன். அறிக்கை அழகாக வந்தது. பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாலாவது தொட்டி எங்கேப்பா?"

என்னிடம் பதில் இல்லை. தொட்டியைக் கொட்டிப் பார்க்கச் சொன்னார். எரு சரியாகக் கலக்காமல் கட்டியாக வேருக்கு நேர் கீழே கிடந்தது. வேர்நுனி பழுப்பாகிக் கருகியிருந்தது.

பல வருடம் கழித்து வேலையில் சேர்ந்து ஒரு கடலைக்காட்டைப் பார்க்கப் போனேன். எருக்குவியல் கொட்டியிருந்த இடங்களில் மட்டும் வட்டம் வட்டமாகப் பயிர் செத்திருந்தது. பார்த்தவுடன் காரணம் தெரிந்தது. அந்த மூன்று தொட்டியும் எனக்குச் சொல்லித் தராததை நான் மறைக்கப் பார்த்த நான்காவது தொட்டி சொல்லித் தந்திருந்தது.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

தலைப்பு: "கோழி எரு ஓர் ஆய்வு" என்று வேண்டாம். எந்தப் பயிர், எந்த எரு, எத்தனை நாள் என்று தலைப்பிலேயே தெரியட்டும்.

நோக்கம்: மேலே சொன்ன கேள்வி. இரண்டு வரி போதும்.

செய்த முறை: மண் எந்த ஊர், செம்மண்ணா கருமண்ணா, என்ன ரகம், எரு எத்தனை நாள் பழையது, எத்தனை கிராம், எவ்வளவு தண்ணீர். இதைப் படித்துவிட்டு ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இன்னொரு பிள்ளை அதே சோதனையை அப்படியே செய்ய முடிய வேண்டும். "போதுமான அளவு", "நன்றாக" என்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

கண்டது: அட்டவணையும், கண்ணால் பார்த்ததும். இலை மஞ்சளானதா, நுனி கருகியதா என்பது இங்கே வரும். ஏன் என்பது இங்கே வரக்கூடாது.

விளக்கம்: ஏன் இப்படி ஆகியிருக்கும் என்பது இங்கே. "இருக்கலாம்" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். அம்மோனியாவை அளக்கவில்லை என்றால், "அம்மோனியா காரணமாக இருக்கலாம், நாங்கள் அளக்கவில்லை" என்று எழுதுவதுதான் சரி.

முடிவு: சோதித்த அளவுக்கு மட்டும். "இந்த மண்ணில், இந்த அளவில், 30 நாள் வரை, மக்கிய எரு இட்ட செடி உயரமாக வளர்ந்தது." விளைச்சல் கூடும் என்று எழுதக்கூடாது. கதிரை நாம் பார்க்கவே இல்லையே.

பழைய அறிக்கை ஒன்று

பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்காரர் வான் ஹெல்மான்ட் என்பவர், உலர்த்தி எடை போட்ட 200 பவுண்டு மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். தூசி விழாமல் தொட்டிக்கு மூடியும் போட்டார். மரம் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ், நம் கணக்கில் 57 கிராம். மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு 1648-ல் இது நூலாக வெளிவந்தது.

அவருடைய முடிவு தப்பு. செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து உடம்பை வளர்க்கிறது என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிதாக எண்ணாமல் விட்ட அந்த 57 கிராமில் மண்ணின் சத்து இருந்தது. சிறிய அளவுதான், ஆனால் அது இல்லாமல் மரம் இல்லை.

முடிவு தப்பானாலும் அந்த அறிக்கையை இன்றும் படிக்கிறோம். ஒவ்வோர் எடையையும் எழுதி வைத்ததோடு, நான்கு இலையுதிர் காலத்தில் உதிர்ந்த இலையை எடை போடவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். எழுதியவர் தப்பாக விளங்கிக்கொண்டாலும், எண்கள் சரியாக இருந்தால் படிக்கிறவர் சரியாக விளங்கிக்கொள்ளலாம்.

லாரியை வாங்கலாமா?

விலை கட்டுபடியானால் வாங்குங்கள். ஆனால் வந்தவுடன் காட்டில் இறைக்கவோ, விதைச் சாலில் போடவோ வேண்டாம். நிழலான மேட்டில் குவித்து, தென்னை நார்க்கழிவு கிடைத்தால் கலந்து, ஈரம் காட்டி, மழை படாமல் மூடி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வாடை போய், தொட்டால் சூடில்லாமல், தேயிலைத் தூள் போல உதிரும். அதை விதைப்புக்கு முன் சீராக இறைத்து உழுதுவிடுங்கள். மண் பரிசோதனை செய்து, எருவில் வரும் சத்தைக் கழித்துக்கொண்டு மற்ற உரத்தைக் கணக்கிடுங்கள்.

தொட்டியில் தினமும் தண்ணீர் உண்டு, களை இல்லை, வேருக்கு ஓடவும் இடமில்லை. காடு அப்படியில்லை. அதனால் முதல் வருடம் ஐந்து சென்ட் அளவுக்கு எரு போடாமல் விட்டு, பக்கத்திலேயே எரு போட்ட ஐந்து சென்ட்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். வீட்டுக்காரருக்கு அந்தத் தராசே பதில் சொல்லும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும், சேலம் சந்தியூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் நோட்டோடு போய்க் கேட்டால் மேலும் விளக்குவார்கள்.

மகள் அறிக்கை எழுதி முடித்ததும் எங்களுக்கு ஒரு படி அனுப்பச் சொல்லுங்கள். முதலில் கருகிய அந்த வாளியையும் அதில் மறக்காமல் எழுதட்டும்.