தந்தையின் ஏவலர், தனித் தெய்வம்

சுந்தரர் விருத்தாசலத்து இறைவனைப் பாடாமல் கடந்து போனார். அவரை மறிக்கச் சிவன் அனுப்பியது தன் மகன் முருகனை என்கிறது தல வரலாறு. வேடனாக வந்து பொருளைப் பறித்து, சுந்தரரைத் தந்தையின் கோயிலுக்குத் திருப்பிவிட்டார் முருகன்.

அந்த ஏவலோடு அவர் கதை முடியவில்லை. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் அவரே மூலவர்: கொளஞ்சியப்பர். கருவறையில் மனித உருவம் கிடையாது. பலிபீட வடிவமே முருகன். களவு போன நகை, திரும்பாத கடன், குடும்பத் தகராறு எதுவானாலும் தாளில் எழுதி, முனியப்பர் சன்னதியில் ‘பிராது’ கட்டுகிறார்கள். நீதிமன்றப் படியேற வசதியில்லாதவர்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! குறை தீர்ந்ததும் பிராதைத் திரும்பப் பெற வேண்டும்.

விருத்தாசலம் அரசு கலைக் கல்லூரிக்கும் கொளஞ்சியப்பர் பெயரே.