கை மணக்குது... கவனம்!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பால்கோவா வாங்க பைக்கில் கிளம்பினேன். நடுவழியில் செயின் கழன்றது. மாட்டிவிட்ட மெக்கானிக், என் கையில் பெட்ரோலை ஊற்றினார். "கறை பறந்துரும் அண்ணாச்சி!"

பறந்தது. வாசனையை வேறு ரசித்து இழுத்தேன்.

அந்த வாசனையில் பென்சீனும் உண்டு சார்! நம் பெட்ரோலில் 1 சதவிகிதம் வரை அனுமதி. பி.காம். மூளை கணக்குப் போட்டது: லிட்டருக்கு 10 மில்லி. மூச்சிலும் தோலிலும் உள்ளே போகும். வருஷக்கணக்கில் பழகினால் எலும்பு மஜ்ஜை கெடும், ரத்தப் புற்றுநோயே வரலாம். பென்சீன் கலந்த பசையால் இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர்கள் பலருக்கு 1970-களில் நேர்ந்தது அதுதான்.

எனக்கு ஒருநாள் கூத்து. அவருக்கு? "பதினஞ்சு வருஷமா இப்படித்தான் கழுவுறேன்" என்றார்.

திரும்பும்போது விஷயத்தைச் சொல்லி, கால் கிலோ பால்கோவாவும் சோப்பும் நீட்டினேன்.

"சோப்பு எதுக்கு அண்ணாச்சி?"

"பால்கோவாவை ரொம்ப வருஷம் சாப்பிடத்தான்!"