சட்டை உரியலையா? பிய்க்காதீங்க!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள் நம் ஊரில். அமெரிக்காவிலோ நாய், பூனை மாதிரி பாம்பையும் வளர்க்கிறார்கள்! மகன், மகள் வீட்டுக்குப் போன உங்களில் சிலர், பேரனின் அறையில் கண்ணாடித் தொட்டிக்குள் 'கார்ன் ஸ்நேக்' குட்டியைப் பார்த்து வெலவெலத்துப் போயிருக்கலாம். பயம் வேண்டாம், இதற்கு விஷம் கிடையாது.

வளரும் குட்டி என்பதால், ஏறக்குறைய மாதம் ஒருமுறை சட்டை உரிக்கும். அதற்குச் சில நாட்கள் முன்பே நிறம் மங்கும். கண்ணில் பால் படர்ந்தாற்போல நீலம் பாயும். 'புரை விழுந்துடுச்சோ' என்று பதற வேண்டாம். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே சுரக்கும் திரவம்தான் காரணம். பார்வை மங்கியிருப்பதால் மிரண்டு கடிக்கலாம். அந்த நாட்களில் கையில் எடுக்காதீர்கள். பிறகு கண் தெளியும். அடுத்த சில நாட்களில் உதட்டில் தொடங்கி, காலுறையைப் புரட்டிக் கழற்றுவது போல முழுச் சட்டையும் ஒரே துண்டாக வந்துவிடும்.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

பெரும்பாலும் காற்றில் ஈரம் போதாததுதான் காரணம். குளிர்காலத்தில் அங்கே வீடு முழுக்க ஹீட்டர் ஓடுமே... காற்று காய்ந்துவிடும். நம் உதடு வெடிக்கிறதில்லையா, அதே கதைதான். தண்ணீர் போதாமை, உண்ணித் தொல்லை, சத்துக் குறைவு, தோல் நோய் ஆகியவையும் காரணமாகலாம்.

என்ன செய்யணும்?

* மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவு ஓட்டை போட்டு, உள்ளே ஈரப் பாசியைப் பரப்பித் தொட்டிக்குள் வையுங்கள். பாசி ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் சொட்டக்கூடாது.

* உரசிக்கொள்ளச் சொரசொரப்பான கட்டை ஒன்றும் இருக்கட்டும்.

* அப்படியும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் விடுங்கள். பாதி உடம்பு நனையும் ஆழம் போதும். பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத் துண்டுக்குள் ஊர்ந்து போக விட்டால் தோல் தானே கழன்று வரும்.

எங்கே ஆபத்து?

கண்ணிலும் வால் நுனியிலும்! பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலும் சட்டையோடு கழலணும். உரிந்த சட்டையில் அந்த இரண்டு வட்டங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இடுக்கியால் எடுக்க முயலாதீர்கள், பார்வையே போய்விடலாம். வால் நுனியில் வளையமாகத் தங்கும் தோல் காய்ந்து இறுகினால், ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து உதிர்ந்துவிடும். ஊறவைத்தும் போகாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஊறவைக்கும் பாத்திரம் சமையலறைப் பக்கமே வரக்கூடாது. பாம்பிடமிருந்து 'சால்மோனெல்லா' கிருமி தொற்றலாம். தொட்டவர்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவணும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு இங்கே சாரைப்பாம்பையோ மலைப்பாம்பையோ வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்!