உறையும் பாட்டும்

இசைத்தட்டின் உறை அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. 1948ஆம் ஆண்டில் நெடுநேர இசைத்தட்டு வந்தபின், 12 அங்குல அட்டையின் முகப்பில் ஓவியமும், பின்புறத்தில் பாடகர், பாடலாசிரியர், பக்கவாத்தியக்காரர் பெயர்களும் அச்சாயின. ஒலிநாடாப் பேழையின் சிறு சீட்டும் பின்னர் அப்பணியையே செய்தது.

அச்சிட்ட உறைகளின் படங்கள் பலவற்றை இன்று இணையத்தில் தேடிப் பெறலாம். ஆனால் எல்ல, பதுளை முதலிய ஊவாப் பகுதித் தோட்டங்களில் ஒரு குடும்பத்தார் காமன் கூத்துப் பாடலைத் தாமே நாடாவில் பதிந்திருப்பின், கையால் எழுதிய சீட்டே அதன் உறை. மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் அதனை அரித்துவிட்டால், எந்த இணையமும் அதனை மீட்டுத் தராது.

ஆகவே, பாட்டைக் கணினிக்கு மாற்றும் நாளிலேயே சீட்டின் இரு பக்கங்களையும் படமெடுத்தல் வேண்டும். முகப்புப் படத்தை எம்.பி.3 கோப்பினுள்ளேயே பதிக்கலாம். 1998ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட குறிப்பு முறை அதற்கு இடந்தருகிறது. உள்ளே பதிந்த படம் கோப்பு செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும். தனியே வைத்த படமோ இடம் மாற்றுகையில் பிரிந்துவிடக்கூடும். பாடியவர், பறை அடித்தவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுத்திலும் சேர்த்துவிடுதல் நலம். குரல் நிலைத்திருக்க, அதற்குரியவர் பெயர் மறைந்துபோதல் தகுமோ?