ஒரே வெட்டுக்கிளி, இரண்டு வாழ்க்கை

மூஸா (அலை) அவர்களை மறுத்த பிர்அவ்னின் கூட்டத்தார் மீது அனுப்பப்பட்ட அத்தாட்சிகளுள் வெட்டுக்கிளியும் ஒன்று என்பதை ஸூரா அல்அஃராபின் 133ஆவது வசனம் வாயிலாக நாம் அறிவோம். விரல் நீளமேயுள்ள இச்சிற்றுயிர் ஒரு நாட்டையே பட்டினி போடும் படையாக எப்படி மாறுகிறது என்று நீங்கள் சிந்தித்ததுண்டா?

ஒரு சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரையான வெட்டுக்கிளிகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிராம், அதாவது தன் உடல் நிறையளவு தின்னும். அத்தகைய ஒரு கூட்டம் 35,000 பேரின் ஒரு நாள் உணவை ஒரே நாளில் தீர்த்துவிடும் என்பது ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் கணக்கு.

சாதுவும் அதுவே, படையும் அதுவே

ஆனால், இதே பாலைவன வெட்டுக்கிளி சாதாரண காலங்களில் தனித்து வாழும் சாது. தன் இனத்தைக் கண்டாலே விலகிச் செல்லும். இரவில் தனியே பறக்கும். கூட்டமாகிவிட்டாலோ நிறம் மாறும், குணம் மாறும், பகலில் படையாகப் பறக்கும். இவ்வாறு இரு உருவம் கொண்ட இன்னொரு வெட்டுக்கிளியை அறிஞர்கள் இரு வேறு இனங்களென்றே எண்ணியிருந்தனர். இரண்டும் ஒன்றே என்று 1921இல் எடுத்துக்காட்டியவர் இலண்டன் சென்ற ரஷ்யப் பூச்சியியலாளர் பொரிஸ் உவாரொவ்.

பரம்பரையலகுகள் மாறாமல் உயிர் மட்டும் எப்படி மாறுகிறது? உங்கள் வீட்டுச் சமையல் குறிப்புப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். நோன்பு காலத்தில் கஞ்சிப் பக்கத்தைத் திறக்கிறீர்கள், பெருநாளில் வட்டிலப்பப் பக்கத்தை. புத்தகம் ஒன்றுதான், திறக்கும் பக்கம்தான் வேறு. எழுத்தை மாற்றாமல் பக்கங்களைத் திறந்தும் மூடியும் வைக்கும் இந்த ஏற்பாட்டை ஆராயும் துறையே எபிஜெனெட்டிக்ஸ். டி.என்.ஏ. மீது ஒட்டிக்கொள்ளும் மெதைல் என்னும் சிறு இரசாயன அடையாளங்கள் இதில் ஒரு வகை. உவாரொவ் ஆராய்ந்த இடம்பெயர் வெட்டுக்கிளியின் முழுப் பரம்பரைப் பதிவையும் சீன அறிஞர்கள் 2014இல் வெளியிட்டனர். அது மனிதனுடையதை விட இரு மடங்குக்கும் பெரியது. தனித்து வாழ்பவற்றின் மூளையிலும் கூடி வாழ்பவற்றின் மூளையிலும் இந்த அடையாளங்கள் வேறுபடுவதையும் அவர்கள் கண்டனர்.

பக்கத்தைத் திறப்பது நெருக்கம். மழை பெய்து பாலை பச்சையானதும் இவை பெருகுகின்றன. பச்சை காயும்போது எஞ்சிய செடிகளில் வந்து நெருங்குகின்றன. பின்னங்கால்கள் உரசிக்கொள்கின்றன. அப்போது உடலில் செரொடோனின் என்ற இரசாயனம் கூடி, இரண்டு மணி நேரத்திலேயே குணம் மாறத் தொடங்குகிறது. இது 2009இல் வெளியான கண்டுபிடிப்பு. செரொடோனினைத் தடுத்தபோது அவை கூட்டம் சேரவில்லை. இன்னொரு வியப்பு, தாய் பட்ட நெருக்கத்தின் தாக்கம் முட்டை வழியே குஞ்சுகளுக்கும் செல்கிறது.

சேருமுன் தடுப்பதே வழி

இதை அறிவதால் என்ன பயன்? 2018இல் இரு சூறாவளிகள் அரேபியாவின் ருப்உல் காலி பாலைவனத்தில் மழை பொழிந்தன. ஆளில்லாப் பெருவெளியில் வெட்டுக்கிளிகள் யாரும் காணாமலே பெருகின. யெமனில் யுத்தம் கட்டுப்பாட்டுப் பணிகளுக்குத் தடையானது. 2019இல் எதியோப்பியாவையும் சோமாலியாவையும் தாக்கிய கூட்டங்கள், 2020இல் கென்யாவில் 70 ஆண்டுகள் காணாத அழிவைக் கொண்டுவந்தன. விமானங்கள் நஞ்சு தெளிக்க வேண்டியதாயிற்று. மார்க்கம் ஹலாலாக்கிய, நபித்தோழர்கள் உண்ட இந்த உணவும், மருந்து தெளித்த இடங்களில் உண்ணத் தகாததானது.

சோமாலியாவில் வெட்டுக்கிளி வகைகளை மட்டும் தாக்கும் ஒரு பங்கசும் பயன்படுத்தப்பட்டது. 2020இல் சீன ஆய்வாளர்கள், இடம்பெயர் வெட்டுக்கிளிகளை ஒன்றாக ஈர்க்கும் வாசனைப் பொருளை இனங்கண்டனர். அதை வைத்துப் பொறியமைக்கலாம், அந்த வாசனையை உணரவிடாமலும் தடுக்கலாம் என்பது அவர்களது எதிர்பார்ப்பு.

அதே 2020இல் குருநாகல் மாவட்டத்தில் வெட்டுக்கிளிகள் தென்பட்டபோது நம் நாட்டிலும் பலர் பதறினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகளல்ல, மஞ்சட்புள்ளி கொண்ட வேறோர் இனம். பீடையை இனங்காணாமல் மருந்துப் போத்தலைத் தூக்குவது தேனீயையும் மண்ணையுமே வருத்தும்.

வாசகர்களே, படையாக வந்தபின் விரட்டுவது பெருஞ்செலவு. சாதுவாக இருக்கும்போதே கண்டறிந்து, நெருங்க விடாமல் தடுப்பது சிறு செலவு. அந்தச் சிறு செலவில்தான் ஏழை நாடுகளின் ஒரு வருட உணவு தங்கியிருக்கிறது. ஒரே புத்தகத்தில் இரு வாழ்க்கையை எழுதிவைத்த அல்லாஹ், அதை வாசிக்கும் அறிவையும் மனிதனுக்கே தந்திருக்கிறான்.